இரண்டு ராத்தல்

இரண்டு ராத்தல் எடையைக் கூட்டுவதற்கு உலகத்துப் பலசாலிகள் அத்தனை பேரும் சேர்ந்து ஏறத்தாழ 18 வருஷம் எடுத்துக்கொண்டார்கள் என்றால் நம்பச் சற்றுக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் சரித்திரம் அப்படித்தான் சொல்லுகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிகிற தறுவாயில் ஜார்ஜ் ஹாக்கன்ஷ்மித் என்ற இளைஞர் தரையில் மல்லாந்து படுத்தார். எஸ்தோனியாவில் பிறந்தவர், பிற்பாடு 'ருஷ்யச் சிங்கம்' என்று பெயர் வாங்கிய மல்யுத்த வீரர். இரு பக்கமும் பெரிய இரும்புத் தட்டுகள் கோத்த தண்டைத் தலைக்குப் பின்னாலிருந்து முகத்துக்கு மேலாக மார்புவரை உருட்டிக்கொண்டு வந்தார். பிறகு இரண்டு கைகளாலும் அதை உயரே தள்ளி, முழங்கை நேராகும்வரை நிறுத்திக் காட்டினார். எடை 361 ராத்தல். இன்றைய கணக்கில் 164 கிலோ. அடுத்து அந்த எண்ணைத் தாண்டியவர் அமெரிக்காவைச் சேர்ந்த ஜோ நார்ட்க்விஸ்ட். அதற்குள் ஒரு நூற்றாண்டு போய் இன்னொரு நூற்றாண்டு வந்து, ஐரோப்பாவில் மகா யுத்தமும் நடந்துகொண்டிருந்தது. அவர் தூக்கியது 363.

இடுப்பை எம்பி, உடம்பை வில்லாக வளைத்து, அந்த வேகத்தில் எடையை மேலே எறிகிற வித்தை ஒன்று உண்டு. அதில் இன்னும் பெரிய எண்கள் இருந்தன. அது வேறு கணக்கு. நான் சொல்வது, முதுகு தரையில் படிந்திருக்க, மார்பும் தோளும் கையும் மாத்திரம் செய்கிற வேலை. இன்று தெருவுக்குத் தெரு முளைத்திருக்கும் ஜிம்களில் நீளப் பெஞ்சின் மேல் படுத்துப் பையன்கள் செய்கிற 'பெஞ்ச் பிரஸ்' இதன் பேரப்பிள்ளைதான்.

என் ஆயுளில் நான் தூக்கிய கனமான சாமான் ஒரு ரோஸ்வுட் மேஜையின் ஒரு மூலை. ஆகையால் இந்த விஷயத்தில் எனக்கு எப்படிச் சிரத்தை வந்தது என்று வாசகர்கள் கேட்பது நியாயம். என் தமக்கை மகன் ஒருவன் இருக்கிறான். காலை ஐந்தரை மணிக்கு ஜிம்முக்குப் போகிறவன். ஒருநாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

"மூணு மாசமா எண்பது கிலோவிலேயே நிக்குது மாமா. ஒரு கிலோ கூட ஏறமாட்டேங்குது."

"அதற்கு ஏனடா இப்படி இருக்கிறாய்? எண்பது கிலோ என்பது உன் அம்மாவை விடக் கனமாயிற்றே!"

"உங்களுக்குப் புரியாது மாமா. மொதல் வருஷம் எப்படி ஏறிச்சு தெரியுமா? வாரா வாரம் ஏறிச்சு. இப்ப சுவரிலே முட்டின மாதிரி நின்னுபோச்சு."

அவன் சொன்னது எனக்குப் புரியத்தான் புரிந்தது. நாவல் எழுதுகிறவனுக்குப் புரியாமல் போகுமா? முதல் எட்டு அத்தியாயம் குதிரை போல ஓடும். ஒன்பதாவதில் கதாநாயகன் ரயிலடியில் வந்து நிற்பான். ரயிலும் வராது, அவனும் வீட்டுக்குத் திரும்பமாட்டான்.

இப்படி நின்றுபோவதற்கு ஆங்கிலத்தில் 'பிளேட்டோ' என்று பெயர். பூகோள பாடத்தில் 'பீடபூமி' என்று படித்தோமே, அதுதான். நல்ல உவமை. ஏறிக்கொண்டே வந்தவன் திடீரென்று சமதரையில் நடக்கிறான். எவ்வளவு நடந்தாலும் உயரம் கூடுவதில்லை.

பழைய கிரேக்கக் கதையில் இந்தப் பீடபூமி கிடையாது. கிறிஸ்துவுக்கு முன் ஆறாம் நூற்றாண்டில் குரோட்டன் நகரத்தில் மைலோ என்ற மல்லன் இருந்தான். ஒலிம்பிய விளையாட்டுகளில் பலமுறை வென்றவன். ஒரு கன்றுக்குட்டியைத் தினம் தவறாமல் தோளில் தூக்கினானாம். கன்று வளர வளர அவன் பலமும் வளர்ந்து, கடைசியில் காளையையே தூக்கிவிட்டானாம். 1902ல் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து ஆலன் கால்வர்ட் என்பவர், எடையைக் கூட்டவும் குறைக்கவும் வசதியுள்ள பார்பெல்களை விற்க ஒரு கம்பெனி தொடங்கியபோது அதற்கு மைலோவின் பெயரையே வைத்தார். வியாபாரத்துக்கு இதைவிடப் பொருத்தமான குலதெய்வம் அகப்படாது. அதற்கு முன்னெல்லாம் குண்டு குண்டாக, எடை மாறாத இரும்புகள்தாம் பெரும்பாலும் புழக்கத்தில் இருந்தன. ஐம்பது ராத்தல் குண்டிலிருந்து எழுபத்தைந்து ராத்தல் குண்டுக்குத் தாவவேண்டும். நடுவிலே படி இல்லை. கால்வர்ட் செய்தது, படியில்லாத மாடிக்குப் படி கட்டிக் கொடுத்த காரியம்.

ஆனால் மைலோவின் கதையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறு ராத்தல் தூக்குகிற ஒருவன் மாதம் ஐந்து ராத்தல் கூட்டுகிறான் என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு அறுபது. பத்து வருஷத்தில் அறுநூறு கூடி, எழுநூறு ராத்தலில் வந்து நிற்பான். இது உண்மையானால் ஊரில் பாதி ஜிம் பையன்கள் உலக வீரர்களாகியிருக்க வேண்டும். கன்று நேர்கோட்டில் வளரலாம், மனிதன் வளருவதில்லை.

ஏன் என்பதற்குச் சரீர சாஸ்திரிகள் சொல்லுகிற காரணம் சுவாரசியமானது. புதிதாகத் தொடங்குகிறவனுக்கு முதல் சில வாரங்களில் கூடுகிற பலம் பெரும்பாலும் தசையின் பலம் அல்ல, நரம்பின் சாமர்த்தியம். இருக்கிற தசைகளையே ஒருமிக்க வேலை வாங்க மூளை கற்றுக்கொள்ளுகிறது. வீட்டில் சும்மா கிடந்த பணத்தைத் தேடி எடுத்துச் செலவழிப்பது போல இது. கை தாராளமாகத்தான் இருக்கும். தேடியெடுத்த பணம் தீர்ந்த பிறகு சம்பாதித்துத்தான் ஆகவேண்டும். அதாவது தசையே வளர வேண்டும். அதற்கு ஆகாரம், உறக்கம், ஓய்வு, காலம் நான்கும் வேண்டும். பையன்களோ முதல் மூன்று மாதத்து வரவை நிரந்தர வருமானம் என்று எண்ணிவிடுகிறார்கள்.

இந்தப் பயிற்சிக்குள்ளேயே இன்னொரு சின்னப் பீடபூமியும் உண்டு. தண்டை மார்பில் தொட்டு மேலே தள்ளும்போது சில அங்குலம் விறுவிறுவென்று போகும். பிறகு ஓர் இடத்தில் மந்தமாகும், கை நடுங்கும். அந்த இடத்தைத் தாண்டிவிட்டால் மிச்சம் சுலபம். அங்கே நெம்புகோல் கணக்கு மனிதனுக்குப் பாதகமாக விழுகிறது. எடை மாறவில்லை; எலும்புகளின் கோணந்தான் மாறியிருக்கிறது. தோல்வி எல்லாம் பெரும்பாலும் அந்த ஒரு சாண் இடத்தில்தான் நடக்கும்.

தடை விழுந்ததும் எல்லாரும் செய்கிற காரியம் ஒன்றுதான்: இன்னும் மூர்க்கமாக மோதுவது. என் மருமகனும் அதைத்தான் செய்துகொண்டிருந்தான். ஒவ்வொரு நாளும் எண்பத்தொன்றை முயன்று, ஒவ்வொரு நாளும் தோற்றுவிட்டு வருவான். இதற்கு மறுவழி ஒன்று உண்டு என்பது எங்கிருந்து தெரியவந்தது என்று பார்த்தால், அது பயில்வான்களின் கூடாரத்திலிருந்து மட்டும் வரவில்லை, ஆஸ்பத்திரியிலிருந்தும் வந்தது.

இரண்டாவது உலக யுத்தத்தில் அடிபட்டுக் கால் முடங்கிய அமெரிக்கச் சிப்பாய்கள், சிகாகோவில் கார்டினர் ராணுவ ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்தார்கள். அங்கே தாமஸ் டிலோர்ம் என்ற இளம் வைத்தியர் இருந்தார். அவரே சிறுவயதில் வாதக் காய்ச்சலால் படுத்த படுக்கையாகக் கிடந்து, பிறகு எடை தூக்கித் தேறியவர். நோயாளிகளுக்குக் கனமான எடை கூடாது, லேசான எடையைப் பலமுறை அசைத்தால் போதும் என்பது அந்நாளைய வைத்திய சம்பிரதாயம். டிலோர்ம் அதை மீறினார். ஒருவன் சரியாகப் பத்துத் தடவை தூக்கக்கூடிய எடை எது என்று கண்டுபிடித்தார். அதையே அளவுகோலாக வைத்துக்கொண்டு பயிற்சி கொடுத்தார். அளவு கூடக்கூட எடையையும் கூட்டினார். முடங்கிய முழங்கால்கள் எழுந்து நடந்தன. 1945ல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்.

எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு நடந்தது. முதலில் அவர் ஒரு வேளைக்கு எழுபதிலிருந்து நூறு தடவைவரை தூக்கச் சொல்லியிருந்தார். 1948ல் வாட்கின்ஸ் என்ற சகாவோடு சேர்ந்து எழுதியபோது முப்பதுக்குக் குறைத்துவிட்டார். அளவு எடையில் பாதியைப் பத்துத் தடவை, முக்காலைப் பத்துத் தடவை, முழுசைப் பத்துத் தடவை, அவ்வளவுதான். ஒரு வைத்தியர் மருந்தின் அளவைப் பாதிக்கும் கீழே குறைத்து, குணம் குறையவில்லை என்று சொல்லுவது உலகத்தில் அடிக்கடி நடப்பதில்லை.

இனி என் கதாநாயகனுக்கு வருகிறேன்.

கனடா தேசத்தில், பசிபிக் கடற்கரையில் வான்கூவர் என்ற நகரம். அங்கே 1926ல் டக் ஹெப்பர்ன் பிறந்தார். பிறக்கும்போதே வலது பாதம் வளைந்திருந்தது, கண்ணிலும் மாறுகண். அறுவைச் சிகிச்சைகள் செய்தும் அந்தக் கால் கடைசிவரை சூம்பித்தான் இருந்தது. பள்ளிக்கூடத்தில் இப்படிப்பட்ட பையனுக்கு என்ன பட்டப்பெயர்கள் கிடைத்திருக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. கனடாப் பையன்களும் நம் ஊர்ப் பையன்களும் அந்தக் கலையில் ஒருவருக்கொருவர் இளைத்தவர்கள் அல்ல.

பையன் இரும்பைப் பிடித்தான். ஒலிம்பிக் பளு தூக்குதலில் எடை தரையிலிருந்து மேலே பறக்கும். அதன் கீழே மனிதன் பாய்ந்து புகவேண்டும். அதற்குக் கால் வேண்டும், கணுக்கால் வேண்டும். ஹெப்பர்னுக்கு இரண்டும் சரியில்லை. ஆகவே கால் கொடுக்காத பலத்தை எல்லாம் தோளிலும் மார்பிலும் சேர்க்கத் தொடங்கினார். நின்றுகொண்டு தலைக்குமேல் தள்ளுவதும், படுத்துக்கொண்டு மார்புக்குமேல் தள்ளுவதும் அவருடைய துறைகள் ஆயின. முன்னே சொன்ன நார்ட்க்விஸ்டுக்கும் ஒரு கால் மரக்கால் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். படுத்துவிட்ட மனிதனைப் பார்த்து இரும்பு, "உனக்குக் கால் எத்தனை?" என்று கேட்பதில்லை.

ஆரம்பத்தில் அவர் நின்று தூக்கிய எடையைத் தேசத்து அதிகாரிகளே நம்பவில்லை. எங்கோ மேற்குக் கோடியில் ஒரு நொண்டி ஆள் இவ்வளவு தூக்குகிறானாம் என்றால், காகிதத்தை மடித்துப் பெட்டியில் போடுவதுதானே அதிகாரிகளின் வழக்கம்? 1952ல் ஹெல்சிங்கியில் நடந்த ஒலிம்பிக்குக்குக் கனடா அவரை அனுப்பவில்லை. அடுத்த வருஷம் ஸ்டாக்ஹோமில் உலகப் போட்டி. ஊரார் சேர்த்துக் கொடுத்த பணத்தில் கப்பல் ஏறாக் குறையாகப் போய்ச் சேர்ந்தார். போட்டிக்குச் சற்று முன்னால் கணுக்காலும் பிசகிக்கொண்டது. எதிரே நின்றவர் அமெரிக்காவின் ஜான் டேவிஸ். 1938லிருந்து தோல்வியே காணாதவர். அந்த டேவிஸை ஹெப்பர்ன் வென்றார். 1954ல் வான்கூவரிலேயே நடந்த பிரிட்டிஷ் எம்பயர் விளையாட்டிலும் தங்கம் வாங்கினார். அதற்குத் தயார் செய்துகொள்ள அவருக்கு வயிற்றுப்பாடு நடக்கவேண்டுமே? நகர மேயர் பிரெட் ஹ்யூம் மாதம் 150 டாலர் சம்பளத்தில் அவரைத் தமது மெய்க்காவலராக நியமித்துக்கொண்டார். மேயரை யாரும் கொல்ல வந்ததாகத் தெரியவில்லை. ஆனால் ஹெப்பர்ன் பட்டினி கிடக்கவில்லை.

இவை எல்லாம் நின்று வாங்கிய பெருமைகள். படுத்துச் செய்ததுதான் நம் கதைக்கு வேண்டியது. இதற்குள் தரை போய்ப் பெஞ்ச் வந்துவிட்டது. முழங்கை தரையில் இடிக்காமல் கீழே இறங்க முடிந்தது. எடையைக் கையில் எடுத்துக் கொடுக்கத் துணையாட்களும் நின்றார்கள். 1950ல் ஹெப்பர்ன் 400 ராத்தல் தள்ளினார். 1951ல் 450. 1953ல் 500, அதாவது 227 கிலோ. 500 என்பதை மனிதத் தோளுக்கு இட்ட வேலி என்றே பலரும் நினைத்திருந்த காலம் அது.

இந்த எண்களைக் கேட்டால் மனிதர் புயல்போலப் பாய்ந்தார் என்று தோன்றும். வகுத்துப் பாருங்கள். மூன்று வருஷத்தில் நூறு ராத்தல். மாதத்துக்கு மூன்று ராத்தலுக்கும் குறைவு. நாளுக்குச் சுமார் நாற்பது கிராம். ஒரு கோழிமுட்டை கூட அதைவிடக் கனம்.

பிற்காலத்தில் அவர் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்த முறை இந்தக் கணக்குக்கு நன்றாகப் பொருந்துகிறது. ஜிம் பாஷையில் 'செட்' என்பதை நான் தவணை என்று சொல்லுகிறேன். கடன் வாங்கிப் பழகிய மத்தியதர வர்க்கத்துக்கு அந்தச் சொல் சட்டென்று விளங்கும். முதல் நாள் எட்டுத் தவணை. தவணைக்கு இரண்டு தடவை தூக்கவேண்டும். மொத்தம் 16. அடுத்த முறை ஒரே ஒரு தவணையில் மட்டும் மூன்று, மற்றவை இரண்டு. மொத்தம் 17. அதற்கு அடுத்த முறை 18. இப்படி ஒவ்வொன்றாக ஏறி எட்டுத் தவணையும் மும்மூன்றாகி 24 வந்ததும், ஐந்து ராத்தல் எடை கூட்டி, மறுபடி 16லிருந்து தொடங்குவது.

இதில் உள்ள தந்திரத்தைக் கவனித்தீர்களா? எந்த நாளிலும் மனிதன் தன் எல்லையில் போய் மோதுவதில்லை. நேற்றைவிட இன்று ஒரே ஒரு தடவை அதிகம். அதற்குமேல் பலம் இருந்தாலும் செய்யக்கூடாது. அந்தக் 'கூடாது' தான் கஷ்டம். அன்றைக்கு உடம்பு முறுக்காக இருக்கும். பார்க்க நாலு பேர் நிற்பார்கள். இன்னும் இருபது ராத்தலைப் போட்டுத் தூக்கிக் காட்டலாம் போலிருக்கும். அப்படிக் காட்டாமல் எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகிறவன் அபூர்வம். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்று நம்மவர்கள் சொல்லுவார்கள். அம்மியைத் தினம் ஒருமுறை ஓங்கி உதைத்துப் பார்ப்பவனுக்குக் கால் வீங்குவதுதான் பலன்.

மருமகனிடம் இதைச் சொன்னேன். "இது ரொம்ப மெதுவா இருக்கே மாமா" என்றான். எண்பதிலிருந்து எழுபதுக்கு இறங்கித் தொடங்கவேண்டும் என்றதும் முகம் இன்னும் சுருங்கிவிட்டது. இறங்குவது என்றால் அவனுக்கு உத்தியோகத்தில் தாழ்த்தப்பட்ட மாதிரி. ஆனால் இறங்கத் தெரிவதும் ஒரு சாஸ்திரம் என்று சோவியத் ருஷ்யாவில் மத்வேயெவ் போன்றவர்கள் 1960களில் புத்தகமே எழுதினார்கள். வருஷத்தைப் பகுதிகளாகப் பிரித்து, பாரத்தை அலைபோல ஏற்றியும் இறக்கியும் போட்டிக்குச் சரியாக உச்சிக்குக் கொண்டுவருவது அவர்களுடைய ஏற்பாடு. உழவன் நிலத்தைத் தரிசு போடுவதில்லையா, அதுபோல.

அமெரிக்காவில் பாட் கேஸி என்பவர் வேறு விதமாகப் போனார். எடை எந்த அங்குலத்தில் மந்தமாகிறதோ, அந்த அங்குலத்தைத் தனியே பிரித்து எடுத்துப் பயிற்சி செய்தார். தண்டைச் சட்டத்தில் பாதி உயரத்தில் தாங்க வைத்து, அங்கிருந்து தள்ளுவது. 1967ல் அவர் 600 ராத்தலைத் தாண்டினார். அதற்குப் பிறகு வந்த எண்களைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. 1958ல் டயனபால் என்ற மாத்திரை அமெரிக்கக் கடைக்கு வந்துவிட்டது. 1980களில் கையை மடக்கவே விடாத விறைப்பான சட்டைகளும் வந்தன. எது தோளின் பலம், எது மருந்தின் பலம், எது தையற்காரரின் பலம் என்று பிரிப்பது பல சமயம் எளிதல்ல. அந்தச் சட்டை இல்லாமலே ஜூலியஸ் மேடாக்ஸ் என்ற அமெரிக்கர் 2021ல் 355 கிலோ தள்ளினார் என்பதை மட்டும் குறித்துவிட்டு நகர்கிறேன். ஹெப்பர்னின் 500, மாத்திரை கடைக்கு வருவதற்கு ஐந்து வருஷம் முந்தியது.

அவருடைய பிற்கால வாழ்க்கை சுகமானதாக இல்லை. மல்யுத்த மேடையில் ஆடிப் பார்த்தார், பிடிக்கவில்லை. குடியும் மனச்சோர்வும் சில வருஷங்களை விழுங்கின. அதிலிருந்து மீண்டு, வான்கூவரில் பயிற்சிக் கூடம் வைத்தும், பயிற்சிக் கருவிகள் செய்து விற்றும், பாடியும் காலம் கழித்தார். முதுமையிலும் இரும்பை விடவில்லை. 2000 நவம்பரில் காலமானார்.

பெஞ்ச் பிரஸ் ஒலிம்பிக் போட்டியில் ஒருநாளும் இடம்பெற்றதில்லை. நின்று தூக்குகிறவர்களுக்கு இது சோம்பேறிகளின் வித்தையாகத் தோன்றியது போலிருக்கிறது. ஆனால் ஊனமுற்றோருக்கான பாராலிம்பிக்கில் இருக்கிறது. 1964ல் டோக்கியோவில், முதுகுத்தண்டில் அடிபட்டவர்களுக்காகப் படுத்துத் தூக்கும் போட்டி சேர்க்கப்பட்டது. 2004ல் ஏதென்ஸ் நகரில் நம் தேசத்து ராஜிந்தர் சிங் ரஹேலு இதில் வெண்கலம் வாங்கினார். குழந்தையில் போலியோ வந்தவர். பெண்கள் முதன்முதலாக இதில் கலந்துகொண்டது 2000ல், சிட்னியில். ஹெப்பர்ன் மறைவதற்குச் சில வாரங்கள் முன்னால்.

அங்கே விதி ஒன்று உண்டு. சாதாரணப் போட்டியில் கால்களைத் தரையில் ஊன்றித் தள்ளலாம். பாராலிம்பிக்கில் கால்கள் பெஞ்சின் மேலேயே நீட்டிக் கிடக்க வேண்டும். வேண்டுமானால் பட்டியால் பெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளலாம். ஆகவே பெஞ்சும் அகலம். 2016ல் ரியோ நகரத்தில் ஈரான் தேசத்து சியாமந்த் ரஹ்மான் அப்படிப்பட்ட பெஞ்சில் படுத்தார். முன்பு 300 கிலோவைத் தாண்ட வேண்டும் என்பது அவருடைய கனவாக இருந்தது. அன்றைக்கு ஒவ்வொரு முறையும் எடையைக் கூட்டிக்கொண்டே போய், கடைசியில் தள்ளியது 310. பழைய கணக்கில் 683 ராத்தல். நடுவர்கள் மூவரும் வெள்ளை விளக்கைப் போட்டார்கள். பிறகு துணையாட்கள் தண்டைக் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, கால் பட்டிகளை அவிழ்த்துவிட்டார்கள்.